சர்க்கரை நோயோடு சவான்னாவுக்கு

கென்யாவின் மசாய் மாரா காப்பகத்து முகாம்களில் நாள் ஐந்தரை மணிக்குத் தொடங்கிவிடும். கூடார வாசலில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் வரும். ஆறு, ஆறேகாலுக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். வெயில் ஏறிவிட்டால் சிங்கங்கள் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதால் இந்த அவசரம். காலை உணவு ஒன்பதுக்கு வரலாம், பத்துக்கும் வரலாம். புல்வெளியில் ஒரு சிவிங்கிப்புலி இரையைக் குறிவைத்துப் பதுங்கியிருந்தால் பதினொன்றுகூட ஆகும். அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பச் சொல்ல யாருக்கும் மனசு வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணிவாக்கில் மறுபடியும் வண்டி. இருட்டிய பின்புதான் முகாம். இரவு உணவு எட்டு மணிக்கு. விலங்குகளின் பசியை ஒட்டி எழுதப்பட்ட அட்டவணை இது. ஏழரைக்கு மாத்திரை, எட்டுக்கு இட்லி, பதினொன்றுக்கு மோர் என்று பல வருடங்களாகப் பழகிய உடம்புக்கு இது முற்றிலும் புதிய ஒழுங்கு.

அப்படிப் பழகிய உடம்புகள் நம்மிடையே மிக அதிகம். இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். மூன்று தலைமுறை சேர்ந்து கிளம்பும் எந்தக் குடும்பத்திலும் ஒருவருக்காவது சுகர் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கென்யா, தான்சானியா என்று பேச்சு எழுந்ததும், “எனக்கு சுகர் இருக்கு, நீங்க போயிட்டு வாங்கப்பா” என்று ஒதுங்குவதும் பெரும்பாலும் அவர்தான். ஒதுங்க வேண்டியதில்லை. நோயை விட, எந்த இடம், எந்த மாதம், எந்த வண்டி, முகாமிடம் முன்கூட்டியே என்ன கேட்டு வாங்குவது என்ற நான்கு முடிவுகள்தான் இந்தப் பயணத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. இவை நான்கையும் எடுக்க வேண்டியது குடும்பம். நோயாளியின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது.

முதலில் ஒரு தவறான நிம்மதியைக் கலைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்கள் தங்களுக்கு ஆபத்தில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். நம் ஊரில் மிகப் பரவலாக எழுதித்தரப்படும் கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். ஐந்தரைக்கு எழுந்ததும் பழக்க தோஷத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு, தேநீரோடு வண்டி ஏறி, பத்து மணிவரை சிங்கத்தின் பின்னால் போகும் அப்பாவுக்கு வியர்வையும் நடுக்கமும் வரக் காரணம் இதுதான். மெட்ஃபார்மின் தனியாக எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் போய், முகாமின் அட்டவணையைக் காட்டி, எந்த மாத்திரையை எந்த உணவோடு நகர்த்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ‘சுற்றுலா போகிறேன்’ என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான பதில்தான் கிடைக்கும். உணவு நேரங்களைச் சொன்னால்தான் மருத்துவரால் உதவ முடியும்.

பணத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், தனி வண்டிக்கு என்பதே பதில். பெரும்பாலான முகாம்களில் வெவ்வேறு குடும்பங்களை ஒரே வண்டியில் ஏற்றுவார்கள். முன்பின் தெரியாதவர்களோடு போகும்போது, “கொஞ்சம் நிறுத்துங்கள், நான் சாப்பிட வேண்டும்” என்று சொல்லக் கூச்சம் வரும். கூச்சத்தில் கழியும் பதினைந்து நிமிடம் போதும், சுகர் அறுபதுக்குக் கீழே போய்விட. மாராவிலும் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்க அனுமதியில்லை. சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தனி வண்டி இருந்தால் வழிகாட்டியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்லலாம். சுவாஹிலியில் இந்த நோய்க்கு ‘கிசுகாரி’ என்று பெயர். அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே பெரும்பாலான வழிகாட்டிகளுக்கு விஷயம் பிடிபட்டுவிடும். எந்த இடத்தில் கழிப்பறை, எங்கே பாதுகாப்பாக இறங்கலாம் என்று அவர் வழியை அதற்கேற்ப வகுத்துக்கொள்வார். ஐந்து நட்சத்திர முகாமில் ஆறு பேரோடு வண்டியைப் பகிர்வதைவிட, எளிய முகாமில் தங்கித் தனி வண்டி வைத்துக்கொள்வது சர்க்கரை உள்ளவருக்கு எவ்வளவோ மேல்.

இன்னொரு வழியும் உண்டு: தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. 1926இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பரந்த காட்டில் சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்த காரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். தார்ச்சாலை, உணவகமும் கடையும் உள்ள தங்கல் முகாம்கள், பல குடில்களில் குளிர்பதனப் பெட்டி, தலைமை முகாமான ஸ்குகூஸாவில் மருத்துவர் என்று எல்லாம் உண்டு. சாப்பாட்டு நேரம் முழுக்கக் குடும்பத்தின் கையில். மாராவின் பிரம்மாண்டப் புல்வெளி இங்கே கிடைக்காது. புதர்க்காட்டில் விலங்குகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் முதல் முறை போகும், இன்சுலின் போடும் பெரியவர் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைச் சொல்வது கடினம். மலேரியா பயம் அதிகம் இருந்தால் அதே நாட்டில் பிலானஸ்பெர்க், மடிக்வே போன்ற மலேரியா இல்லாத காப்பகங்களும் இருக்கின்றன.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். அக்டோபரில் ஸாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கிலும் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸிலும் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். க்ரூகரின் கோடையும் அப்படித்தான். அதே க்ரூகர் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்டு, குளிர்ந்து, கொசு குறைந்து இருக்கும். மாராவோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகலில் முப்பதைத் தொடுவதே அபூர்வம். ஆப்பிரிக்கா என்றாலே கொளுத்தும் வெயில் என்ற எண்ணத்தோடு போகும் சென்னைக்காரர்கள், ஜூலையில் ஸ்வெட்டருக்குள் சுருண்டுகொள்கிறார்கள். தான்சானியாவின் கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,300 மீட்டர். அங்கே விடியற்காலைக் குளிர் ஊட்டியை நினைவூட்டும். வெயிலுக்கு மட்டும் தயாராகிப் போகும் குடும்பத்துக்கு இந்தக் குளிரே முதல் சோதனையாக அமையும்.

இனி இன்சுலின். இதைப் பற்றித்தான் குடும்பங்களுக்கு அதிகக் கவலை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதை 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் வெளியில் வைத்திருக்கலாம் என்று பெரும்பாலான மருந்துத் துண்டுச்சீட்டுகள் சொல்கின்றன. வகைக்கு வகை இது மாறும். டெக்ளுடெக் போன்றவை எட்டு வாரம் தாங்கும். அப்படியானால் பத்து நாள் பயணத்தில் கையில் இருக்கும் பேனாவுக்குக் குளிர்பதனப் பெட்டியே தேவையில்லை. மாற்றாக வைத்திருக்கும் பேனாக்களுக்குத்தான் யோசனை வேண்டும்.

இந்தக் கேள்விக்கு மிக உறுதியான விடைகளில் ஒன்று கென்யாவிலிருந்தே வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்காக வந்ததல்ல. நாட்டின் வடகிழக்கில், சோமாலிய எல்லையை ஒட்டிய தாதாப் அகதி முகாம்களில் ஒன்று தகஹலே. அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு ஊசிக்கும் மருத்துவமனைக்கு நடந்தாக வேண்டும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம் வீடுகளின் வெப்பநிலையை அளந்தது: இரவில் 25, பகலில் 37 டிகிரி. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஏற்ற இறக்கத்தைச் சோதனைச்சாலையில் உருவாக்கி, இன்சுலினை நான்கு வாரம் அதில் வைத்துப் பார்த்தார்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்த இன்சுலினுக்கும் இதற்கும் வீரியத்தில் வேறுபாடு தெரியவில்லை. 2021இல் முடிவு வெளியானது. 2023இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, திறக்காத மனித இன்சுலினை 25 டிகிரி வரை ஆறு மாதமும் 37 டிகிரி வரை இரண்டு மாதமும் குறிப்பிடத்தக்க இழப்பின்றி வைத்திருக்க முடியும் என்று தெரிவித்தது. அகதி முகாமில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு வீட்டிலேயே ஊசி போட வழிசெய்த ஆய்வு, விடுமுறைக்குப் போகும் குடும்பத்தின் அச்சத்தையும் குறைக்கிறது. அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும்.

இதை அலட்சியத்துக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் நிறுத்திய மூடிய வண்டியின் உள்ளே வெப்பம் 37இல் நிற்காது, ஐம்பதைத் தாண்டும். மருந்துப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போவது பெரிய ஆபத்து. இன்னோர் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: உறைதல். சஃபாரி வண்டிகளின் குளிர்பெட்டியில் சோடாவும் பீரும் ஐஸ் கட்டியோடு கிடக்கும். ‘இதுக்குள்ள வச்சிடுங்க’ என்று அன்போடு வாங்கி வைப்பார் வழிகாட்டி. ஐஸைத் தொட்டு உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்கு எப்படித் தோன்றினாலும், பயன்படாது. முகாம் அறைகளின் சிறு குளிர்பதனப் பெட்டிகளிலும் பின்சுவரை ஒட்டி வைத்தால் இதே கதி. வெப்பத்தில் இன்சுலின் மெல்ல வீரியம் இழக்கும். உறைந்தால் ஒரே இரவில் போய்விடும். எனவே வெப்பத்தை அஞ்சுவதைவிட ஐஸை அதிகம் அஞ்ச வேண்டும்.

எளிய தீர்வு, தண்ணீரில் நனைத்துவைக்கும் துணிப்பை. உள்ளிருக்கும் குருணைகள் நீரை உறிஞ்சிக் கூழாகி, அந்த ஈரம் ஆவியாகும்போது பை குளிரும். மின்சாரம் வேண்டாம், ஐஸ் வேண்டாம். நம் மண்பானை வேலைசெய்யும் அதே முறைதான். வறண்ட காற்றில் நன்றாக வேலைசெய்யும். கடலோர ஈரக்காற்றில் அவ்வளவாகச் செய்யாது. மாரா, செரெங்கெட்டிக்குப் பொருந்தும். சஃபாரி முடிந்து சான்ஸிபார் கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே விடுதியின் குளிர்பதனப் பெட்டியை நம்பலாம். பல முகாம்கள் சூரிய மின்சாரத்தில் இயங்குபவை. இரவில் அறைகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். சமையல்கூடத்துப் பெட்டி மட்டும் ஓடும். ‘மருந்துக்குக் குளிர்பதனம் உண்டா’ என்று கேட்டால் ‘உண்டு’ என்றே பதில் வரும். இரவு முழுக்க ஓடுமா, எங்கே இருக்கிறது, நடு இரவில் தேவைப்பட்டால் யார் எடுத்துத்தருவார் என்று கேட்க வேண்டும், அதையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். கென்யா 2017இல் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்தது; தான்சானியா 2019இல் செய்தது. மருந்துக் கடைக் கவர்களில் சுற்றி எடுத்துப்போகும் பழக்கத்தை விட்டுவிட்டுத் துணிப்பைகளுக்கு மாறுவது விமான நிலையத்தில் தலைவலியைக் குறைக்கும்.

நம் நாட்டவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 அலகு. அதற்கேற்ற ஊசிக்குழல் தனி. உலகின் பெரும்பாலான நாடுகளில் 100 அலகுதான். கொண்டுபோன குப்பி உடைந்து, நைரோபியிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ புதிதாக வாங்கி, பழைய 40 அலகுக் குழலில் ஏற்றினால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. இது உயிருக்கே ஆபத்து. அங்கே வாங்க நேர்ந்தால் குழலையும் அங்கேயே வாங்க வேண்டும். பேனாக்களில் பெரும்பாலும் எங்கும் 100 என்பதால், மருத்துவர் சம்மதித்தால் பயணத்துக்குப் பேனாவுக்கு மாறிவிடுவது நிம்மதி. தேவையானதைப் போல இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு கைப்பைகளில் பிரித்து, இரண்டு பேரிடம் கொடுத்துவிடலாம். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது. பெட்டி தொலையலாம், அங்கே குளிரில் மருந்து உறையலாம். மருந்துகளின் மூலப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் கடிதம் பாதுகாப்புச் சோதனையில் கைகொடுக்கும்.

நேர வித்தியாசம் நமக்குப் பெரிய சிக்கல் இல்லை. சென்னைக்கும் நைரோபிக்கும் இரண்டரை மணி நேரம், ஜோஹன்னஸ்பர்க்குக்கு மூன்றரை. டொராண்டோவிலிருந்து கிளம்பும் தமிழ்க் குடும்பத்துக்குத்தான் கணக்கு கடினம்: கிழக்கு நோக்கி ஏழு, எட்டு மணி நேரம் தாவுவதால் அன்றைய நாள் சுருங்கிவிடும், நீண்டநேர இன்சுலினை வழக்கமான கடிகாரப்படி போட்டால் இரண்டு ஊசிகள் நெருங்கிவிடும். மருத்துவரோடு உட்கார்ந்து காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டிய விஷயம் அது.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானங்கள் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும். சாலையில் ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி குலுக்கி எடுக்கும். சிறு விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதுவும் கைப்பை உட்பட, மெத்தென்ற பையில்தான். மருந்து, கருவி, தின்பண்டம் என்று சர்க்கரை உள்ளவரின் பை வேகமாகக் கனத்துவிடும். அவருடைய துணியில் கொஞ்சத்தை மற்றவர்கள் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்வது அழகு. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் பம்ப் பொருத்தியிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: விமானம் மேலேறும்போது அழுத்தம் குறைந்து குழாயில் காற்றுக் குமிழிகள் உண்டாகி, கூடுதலாகக் கொஞ்சம் இன்சுலின் உள்ளே போகக்கூடும். சிறு குழந்தைக்கு அந்தக் கொஞ்சமே அதிகம். ஏறும்போது குழாயைக் கழற்றிவைத்து, மேலே போய்க் குமிழியைத் தட்டி நீக்கிய பிறகு பொருத்தும்படி பல நிபுணர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

அளக்கும் கருவிகளுக்கும் வெப்பதட்ப வரம்பு உண்டு. கையில் ஒட்டும் சென்சார்களில் பரவலாக உள்ள ஒன்று 10 முதல் 45 டிகிரிக்குள் இயங்குவது. கோரோங்கோரோ விடியலில், திறந்த வண்டியில், குளுக்கோமீட்டர் எண் காட்டாமல் எச்சரிக்கைக் குறி காட்டினால் பதற வேண்டாம். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும். பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பொய்யாக அதிகம் காட்டும்; தண்ணீர் இல்லாத வண்டியில் இது அடிக்கடி நடக்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பார்க்க வேண்டும். சென்சார் காட்டுவது ரத்தத்தின் நிலவரத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கும். யானை நெருங்கி வரும் பரபரப்பில் சர்க்கரை சற்று ஏறுவதும் இயல்பு. அந்த எண்ணைப் பார்த்து உடனே கூடுதல் இன்சுலின் போட்டுவிடக் கூடாது.

கோரோங்கோரோ பள்ளத்தின் தரையில் நோய்டோகிடோக் என்றொரு குளக்கரை. வண்டியை விட்டு இறங்கிச் சாப்பிட அனுமதியுள்ள சில இடங்களில் ஒன்று. அங்கே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். கையிலிருக்கும் கோழித்துண்டை, ரொட்டியைச் சட்டென்று பறித்துப் போய்விடும். நகத்தால் கீறல் படுவதும் உண்டு. மற்றவர்களுக்கு அது சிரிப்பு. சாப்பாட்டுக்கு முந்திய ஊசியைப் போட்டுவிட்டு நிற்பவருக்கு அது சிரிப்பல்ல. அவர் வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிட வேண்டும். உணவு கைக்கு வந்த பிறகுதான் ஊசி போட வேண்டும். இந்தக் கடைசி விதி சஃபாரி முழுவதற்குமே பொருந்தும்.

உணவு கிடைக்காது என்பது வீண் கவலை. 1896 முதல் 1901 வரை உகாண்டா ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களின் காலத்திலிருந்தே கிழக்கு ஆப்பிரிக்காவில் சப்பாத்தியும் சமோசாவும் பாலூற்றிக் காய்ச்சிய தேநீரும் ஊறிவிட்டன. சைவச் சாப்பாடு என்றால் விழிக்கும் முகாம் கென்யாவில் அபூர்வம். சிக்கல், உணவு மிகுதியாகக் கிடைப்பதில்தான்: மூன்று வேளையும் விருந்து, நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்திருத்தல், மாலையில் சூரியன் சாயும்போது பானமும் வறுவலும். அதோடு, காலையில் கட்டித்தரும் உணவுப்பெட்டியில் வெள்ளை ரொட்டியும் கேக்கும் டப்பா ஜூஸும்தான் பெரும்பாலும் இருக்கும். அவித்த முட்டை, வேர்க்கடலை, தயிர், காய்கறி போட்ட சப்பாத்தி என்று முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். சோளமாவுக் களியான உகாலியும் சுகுமா விகி கீரையும் நம் நாக்குக்குப் பழக்கமான சுவைதான். களியின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மது அருந்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவருக்கு இரவில் குடித்தது விடியற்காலையில் சர்க்கரையை இறக்கக்கூடும்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேலியில்லாத முகாமில் இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டுத் தனியாக வெளியே வரக் கூடாது. ‘அஸ்காரி’ எனப்படும் காவலர் விளக்கோடு வந்துதான் அழைத்துப்போவார். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது என்பதும் முகாமின் விதி. குரங்குகள் ஜிப்பைத் திறந்துவிடும், பழத்தின் மணத்துக்கு யானையே வரும். நள்ளிரவில் சர்க்கரை இறங்கும் மனிதருக்கோ கைக்கெட்டும் தூரத்தில் இனிப்பு இருந்தாக வேண்டும். இரண்டு விதிகளும் நியாயமானவை, இரண்டும் மோதுகின்றன. மணமில்லாத குளுக்கோஸ் மாத்திரைகளை இறுக மூடும் தகர டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள முகாம் மேலாளரிடம் வந்த அன்றே அனுமதி பெறுவதுதான் வழி. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எழுபதுக்குக் கீழே போனால் பதினைந்து கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளவு, பிறகு ஏதாவது சாப்பாடு என்ற வரிசை குடும்பத்தில் பத்து வயதுப் பிள்ளை உட்பட அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவரைத் தனிக் கூடாரத்தில் படுக்க வைக்கக் கூடாது. ஊதல் அல்லது முகாமின் வாக்கிடாக்கி அவர் கைக்கு எட்ட வேண்டும்.

கால்களைப் பற்றி நம் மருத்துவர்கள் சொல்லாத நாளில்லை. ஆப்பிரிக்கக் கருவேல மரங்களின் முள் செருப்பின் அடிப்பாகத்தையும் துளைக்கும். மண்ணில் வாழும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி பாதத்துக்குள் புகுந்து முட்டையிடும். உணர்ச்சி மரத்த பாதத்தில் இரண்டுமே தெரியாமல் போகும். முன்பே அணிந்து பழகிய மூடிய காலணி, தினம் இரவு விளக்கொளியில் ஒருவர் மற்றவரின் பாதத்தைப் பார்ப்பது, கூடாரத்துக்குள்ளும் வெறுங்காலில் நடக்காமை ஆகிய மூன்றும் தேவை. உகாண்டாவின் ப்விண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; சரிவில், சேற்றில் பல மணி நேரம் ஏற வேண்டியிருக்கும். கொரில்லாக்களின் முன்னால் எதையும் சாப்பிடக் கூடாது. அவற்றோடு இருக்க அனுமதி ஒரு மணி நேரம்தான். ஏற்றத்தில் சர்க்கரை இறங்கும் என்பதால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்பே அளந்து, சாப்பிட்டு, சுமைதூக்குபவர் ஒருவரை அமர்த்திக்கொண்டு போகலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்று ஊரிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள் நீர்வற்றிச் சாப்பிடாமல் கிடக்கும்போது, சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. இதனால் உடம்பு சரியில்லாத நாட்களில் அவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். மெட்ஃபார்மினுக்கும் இதே யோசனை. ஆனால் இன்சுலினை, குறிப்பாக முதல் வகை நோயாளிகள், சாப்பிடவில்லை என்பதற்காக முழுக்க நிறுத்திவிடக் கூடாது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கீட்டோன் அளக்கும் பட்டைகள் ஆகியவை பையில் இருக்கட்டும்.

கடுமையாக ஏதாவது நேர்ந்தால் மாராவிலிருந்து தூக்கிப்போக விமானம் வரும். 1957இல் தொடங்கப்பட்ட ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் சேவை வில்சன் விமான நிலையத்திலிருந்தே இயங்குகிறது. நைரோபியின் ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவமனை போன்றவற்றில் நல்ல சிகிச்சை உண்டு. ஆனால் சிறு விமானத் திடல்களில் பெரும்பாலும் பகலில்தான் இறங்க முடியும். இரவு பன்னிரண்டுக்கு நேரும் நெருக்கடியைக் காலைவரை குடும்பமும் முகாமும்தான் தாங்க வேண்டும். பயணக் காப்பீட்டில் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் விமான மீட்புக்கும் சேர்த்தே காப்பு வாங்க வேண்டும். மறைத்து வாங்கிய காப்பீடு தேவைப்படும் நாளில் கைவிரித்துவிடும்.

இவ்வளவையும் முதன்முறையாக ஆப்பிரிக்காவில் போய்ச் சோதிக்க வேண்டுமா? முதுமலையிலோ கபினியிலோ இரண்டு இரவு தங்கிப் பார்ப்பது நல்ல ஒத்திகை. விடியலில் எழுந்து, குளிரில் இரண்டு மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து, தாமதமாகச் சாப்பிட்டால் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது குறிப்பேட்டில் எண்ணாகவே தெரிந்துவிடும். அந்தக் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போனால் ஆலோசனை துல்லியமாகும். முதுமலைக்குப் போகும் பந்திப்பூர் வழிச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடப்படும். ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. காட்டின் விளிம்பில் இரவு என்பது எங்கும் இப்படித்தான் என்பதை வீட்டுக்கு அருகிலேயே தெரிந்துகொள்ளலாம்.

தடுப்பூசி, மலேரியா மாத்திரை இரண்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. கென்யா, உகாண்டாவிலிருந்து திரும்பும் இந்தியர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாதவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சர்க்கரை நோய் அதற்குத் தடையல்ல, ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அரிதான பக்கவிளைவுகளின் வாய்ப்பு சற்றுக் கூடுவதால் மருத்துவர் யோசித்தே முடிவெடுப்பார். மலேரியாவுக்கான அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரை, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ஏற்றதல்ல. நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்கள் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டே அதை வாங்க வேண்டும். இந்த மாத்திரையைக் காட்டை விட்டு வந்த பிறகும் ஏழு நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்திவிடுவோரே அதிகம். மலேரியாவே சர்க்கரையை இறக்கும். சிகிச்சைக்குத் தரும் குயினினும் இறக்கும். திரும்பி வந்த சில வாரங்களில், ஏன், சில மாதங்களிலும்கூடக் காய்ச்சல் வந்தால், அது நம் ஊர் டெங்குவாக இருக்கும் என்று காத்திருக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போய், எந்த நாட்டுக்குப் போய் வந்தோம், சர்க்கரைக்கு என்ன மருந்து எடுக்கிறோம் என்ற இரண்டையும் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.